கை மேல முப்பத்தஞ்சு கிராம்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம் இது. நடுவுல வந்த "அது வந்து", "ஆக்சுவலா" எல்லாத்தையும் முடிஞ்ச வரைக்கும் வெட்டியாச்சு. பின்னாடி கத்தினவரை மட்டும் வெட்ட முடியல.)

போன எபிசோட் கேட்டவங்கள்ல நிறைய பேர் ஒரே கேள்வி அனுப்பியிருந்தீங்க: "ப்ரோ, பின்னாடி கீச் கீச்சுன்னு ஒரு சத்தம் வருதே, மைக் பிரச்சனையா?" மைக் நல்லாத்தான் இருக்கு. அது பட்டாணி. பச்சை உடம்பு, மஞ்சள் முகம், எடை முப்பத்தஞ்சு கிராம். கிச்சன் தராசுல நிக்க வெச்சுப் பாத்தேன். ஏறக்குறைய ஒன்றரை ஏஏ பேட்டரி எடை.

இன்னிக்கு எபிசோட் அவரைப் பத்தித்தான். ஒரு பட்ஜியை எப்படிக் கைக்குப் பழக்கறது? நான் நிபுணர் கிடையாது. ஆனா முதல் பத்து நாள்ல என்னென்ன தப்பு பண்ண முடியுமோ அத்தனையும் பண்ணியிருக்கேன். அதை நீங்க திரும்பப் பண்ண வேண்டாம்னுதான் இந்த எபிசோட்.

முதல்ல பேர்

நம்ம ஊர்ல எந்தக் கடைக்குப் போய்க் கேட்டாலும் இதுக்குப் பேரு "லவ் பேர்ட்ஸ்". ஆனா லவ் பேர்ட் வேற பறவை, அது ஆப்பிரிக்கா. நாம லவ் பேர்ட்ஸ்னு வாங்கிட்டு வர்றது பெரும்பாலும் பட்ஜெரிகர், சுருக்கமா பட்ஜி. சொந்த ஊர் ஆஸ்திரேலியாவோட வறண்ட உள்பகுதி. 1840-ல ஜான் கூல்ட்னு ஒரு பறவையியலாளர் இதை உயிரோட இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அங்க இருந்து உலகம் பூரா பரவிடுச்சு.

இன்னொரு விஷயம். நம்ம மரத்துல இருக்கற பச்சைக்கிளியை வீட்ல வளர்க்கறது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்ஜி வெளிநாட்டுப் பறவை, அதனால வளர்க்கலாம். "எங்க தாத்தா வீட்ல கிளி வளர்த்தாரே"ன்னு சொல்றவங்களுக்காகச் சொன்னேன்.

ஆஸ்திரேலியாவை ஏன் இழுத்தேன்னா, பழக்கறதுக்கும் அதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. அங்க இதுங்க மழையையும் புல் விதையையும் தேடிக் கூட்டம் கூட்டமா அலையற பறவைங்க. மேல இருந்து பருந்து, ராஜாளி வந்து தூக்கிட்டுப் போற இரை. அதாவது இந்தப் பறவையோட மூளைக்குள்ள ரெண்டு பெரிய விதி இருக்கு. ஒண்ணு, கூட்டத்தோட இரு. ரெண்டு, மேல இருந்து ஏதாவது வந்தா செத்தே. இப்ப யோசிச்சுப் பாருங்க. கூண்டுக்குள்ள தனியா ஒரு பறவை, மேல இருந்து உள்ள இறங்கற ஒரு கை. ரெண்டு விதியும் ஒரே நேரத்துல உடையுது.

பத்து நாள் தப்பு

நான் பட்டாணியை வாங்கினது ஜூன்ல, ஒரு சனிக்கிழமை. ஒர்க் ஃப்ரம் ஹோம், நாள் முழுக்க ஹெட்செட், கூட ஒரு உயிர் இருந்தா நல்லா இருக்குமேன்னு தோணுச்சு. அவ்வளவுதான் திட்டம். கடையில, "தம்பி, றெக்கைய வெட்டிட்டா மூணு நாள்ல பழகிடும்"னு சொன்னாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள கத்தரிக்கோல் வந்து வேலையும் முடிஞ்சிடுச்சு. "தினமும் கைல பிடிச்சு உட்கார வைங்க. முதல்ல கடிக்கும், அப்புறம் அடங்கிடும்."

நானும் பண்ணேன். ஒரு கர்சீப்பை வெச்சுக் கூண்டுக்குள்ள கை விட்டுப் பிடிப்பேன். கத்தும், கடிக்கும். விரல்ல உட்கார வைப்பேன். தாவி தரையில விழும். திரும்பப் பிடிப்பேன். நாலாவது நாள் கடிக்கறதை நிறுத்திடுச்சு. ஆறாவது நாள் விரல்ல அப்படியே அசையாம உட்கார்ந்துச்சு. போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸ் வெச்சேன், "மிஷன் சக்சஸ்"னு.

பத்தாவது நாள் கிண்ணத்துல தீனி குறையவே இல்லன்னு கவனிச்சேன். பட்ஜி விதையை உரிச்சு உமியை மேலயே போட்டு வைக்கும், அதனால கிண்ணம் எப்பவும் நிறைஞ்ச மாதிரிதான் தெரியும். அன்னிக்கு ஊதிப் பார்த்தா உமியே இல்ல. எல்லாமே முழு விதை. எச்சமும் ரொம்பக் கம்மி. இந்த அளவு சின்னப் பறவைக்கு ஒரு நாள் சாப்பிடாம இருக்கறதே ஆபத்து. அட்டைப் பெட்டியில ஓட்டை போட்டு, ஆட்டோ பிடிச்சு, பறவை பாக்கற டாக்டர் யாருன்னு தேடிப் போனேன்.

டாக்டர் மேடம் நோய் எதுவும் இல்லன்னு சொன்னாங்க. நான் பெருமையா அந்த போட்டோவைக் காட்டினேன். அவங்க கொஞ்ச நேரம் பாத்துட்டுக் கேட்டாங்க:

"இறகெல்லாம் உடம்போட ஒட்டி ஒல்லியா நிக்குது, கண்ணு விரிஞ்சிருக்கு, பாத்தீங்களா? இது பழகல. தப்பிக்க முடியாதுன்னு விட்டுடுச்சு."

காலேஜ்ல ஒரு எலெக்டிவ்ல படிச்சது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. 1967-ல செலிக்மன், மேயர்னு ரெண்டு பேர் நாய்களை வெச்சு பண்ணின ஆராய்ச்சி. தப்பிக்கவே முடியாத அதிர்ச்சியைத் திரும்பத் திரும்ப அனுபவிச்ச நாய்ங்க, பின்னாடி தப்பிக்க வழி இருக்கும்போது கூட நிறைய தடவை முயற்சியே பண்ணாம படுத்துடுச்சு. நான் அதைப் பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கினவன். வீட்ல அதையே ஒரு குட்டிப் பறவைக்குப் பண்ணி, ஸ்டேட்டஸும் வெச்சிருக்கேன்.

ஃபேக்டரி ரீசெட்

டாக்டர் மேடம் சொன்னது சிம்பிள். "ரெண்டு வாரம் கையை உள்ள விடாதீங்க. தீனி, தண்ணி, சுத்தம் பண்றது தவிர." அப்புறம் கூண்டை எங்க வெச்சிருக்கேன்னு கேட்டாங்க. ஹால் நடுவுல, முக்காலி மேல. நாலு பக்கமும் திறப்பு, முழங்கால் உயரம். இரைக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது.

அன்னிக்கே மாத்தினேன். ஒரு மூலை, ரெண்டு பக்கம் சுவர், என் நெஞ்சு உயரத்துல ஸ்டாண்ட். சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். நான்ஸ்டிக் தவா அதிகமா சூடானா வர்ற புகை நமக்குத் தெரியவே தெரியாது, ஆனா பறவையைச் சில நிமிஷத்துல கொன்னுடும். இதை அம்மா கிட்ட சொன்னப்ப, "ஒரு குருவிக்காக நான் தோசைக்கல்லை மாத்தணுமா?"ன்னாங்க. அடுத்த வாரம் பழைய இரும்புக் கல்லு பரண்ல இருந்து இறங்குச்சு. "தோசையும் இதுலதான் நல்லா வருது"ன்னு அவங்களே சொல்லிக்கிட்டாங்க.

பறவை சந்தோஷமா இருக்கா, பயப்படுதான்னு எப்படித் தெரியும்? நிம்மதியா இருந்தா ஒத்தைக் கால்ல நிக்கும், அலகால இறகு கோதும், தூங்கறதுக்கு முன்னாடி அலகை நறநறன்னு அரைக்கும், உடம்பைச் சிலிர்த்து ஒரு உதறு உதறும். பயந்தா ஒல்லியாகும், அசையாது, இல்லேன்னா உங்க கிட்ட இருந்து எதிர்ப்பக்கமா சாயும். அந்தச் சாய்வுதான் முக்கியம். கடிக்கறது கடைசி மெசேஜ். அதுக்கு முன்னாடி அது அனுப்பின பத்து மெசேஜை நாம படிக்காம விட்டிருப்போம்.

நான் வெச்சுக்கிட்ட ஒரே விதி இதுதான்: சாஞ்சா நிறுத்து, பின்னாடி வா. "வேணாம்"னு அது சொன்னா நான் கேக்கறேன்னு அதுக்குத் தெரியணும். ஒரு வாரம் ஆனதும், சாயறதே குறைஞ்சுடுச்சு.

அப்பாவோட பேப்பர்

இதுல ஒரு அவமானமும் இருக்கு, சொல்லிடறேன். நான் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டு வெச்சிருந்தேன். தேதி, நேரம், கூண்டுல இருந்து எவ்வளவு தூரம், பறவை என்ன பண்ணுச்சு. தினமும் காலையும் மாலையும் பத்து நிமிஷம் கூண்டு முன்னாடி உட்கார்ந்து அதையே பாத்துக்கிட்டு இருப்பேன். ஒரு மீட்டருக்குக் கிட்ட போனா ஒல்லியாகிடும். ஆறு நாளா அதே ஒரு மீட்டர்.

எங்க அப்பா காலைல ஆறரைக்கு காபியோட அந்த மூலையில இருக்கற நாற்காலியில உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கூண்டு வர்றதுக்கு முன்னாடியே அது அவர் இடம், நகர மாட்டேன்னுட்டார். அரை மீட்டர் கூட இருக்காது. படிக்கும்போது முணுமுணுன்னு வாய்விட்டுப் படிப்பார். ஏழாவது நாள் காலைல நான் எழுந்து வந்து பாக்கறேன், பட்டாணி அவர் பக்கத்துக் கொம்புல ஒத்தைக் கால்ல நின்னு இறகு கோதிக்கிட்டு இருக்கு.

"என்ன பா பண்ணீங்க?"

"என்னடா பண்ணேன்? பேப்பர்தான் படிக்கறேன்."

அதுதான் பதிலே. என் ரெண்டு கண்ணும் நேரா அதையே குறி வெச்சுக்கிட்டு இருந்துச்சு. இரையை ரெண்டு கண்ணாலயும் நேராப் பாத்துக்கிட்டு அசையாம உட்கார்ந்திருக்கறது யாரு? வேட்டையாட வந்தவன். அப்பா கண்ணு பேப்பர்ல. அதோட, மெதுவா ஏதோ சத்தம் பண்ணிக்கிட்டே இருக்கார். கூட்டமா வாழற பறவைக்கு, பக்கத்துல ஒருத்தன் நிம்மதியா முணுமுணுத்தா "ஆபத்து எதுவும் இல்ல"ன்னு அர்த்தம். எல்லாரும் திடீர்னு அமைதியானாத்தான் பயம்.

அடுத்த நாள்ல இருந்து நான் லேப்டாப்பை அங்க கொண்டு போயிட்டேன். பக்கவாட்டா உட்கார்ந்து, கோட் அடிச்சுக்கிட்டே, பக் பத்தி முணுமுணுத்துக்கிட்டு. நாலு நாள்ல அரை மீட்டர்.

தினைக் கதிர்ல இருந்து விரலுக்கு

இப்ப பயிற்சி. தினைக் கதிர்தான் இதுக்கு லஞ்சம். உதிர்த்த தினை இல்ல, கதிராவே வேணும். கையும் பறவையும் தொடாம இருக்கற அளவுக்கு நீளம் கிடைக்குமே, அதுக்காகத்தான். பறவைக் கடையிலயும் ஆன்லைன்லயும் கிடைக்கும். வழக்கமான தீனியை நிறுத்திப் பட்டினி போடாதீங்க. கிண்ணத்துல எப்பவும் இருக்கறது இருக்கட்டும். கதிர் மட்டும் உங்க கைல இருந்துதான் கிடைக்கணும்.

முதல்ல கம்பிக்கு வெளிய இருந்து நீட்டுங்க. அது கடிச்சுச் சாப்பிட ஆரம்பிச்சதும், கதவைத் திறந்து கதவோரத்துல. கை மேல இருந்து வரக் கூடாது, அதோட நெஞ்சுக்குக் கீழ இருந்து வரணும். அப்புறம் ஒவ்வொரு நாளும் கதிரைக் கொஞ்சம் உள்ள தள்ளிப் பிடிங்க, விரல் கிட்ட வந்துக்கிட்டே இருக்கும். கடைசில சாப்பிடணும்னா விரல் மேல ஒரு கால் வெச்சாத்தான் எட்டும். ஒரு கால் வெச்சா போதும், அன்னிக்குப் பாடம் முடிஞ்சது. மூணுல இருந்து அஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. நல்லாப் போகும்போதே நிறுத்திடணும்.

இதை ஷேப்பிங்னு சொல்லுவாங்க. பி.எஃப். ஸ்கின்னர்னு ஒரு உளவியலாளர், இரண்டாம் உலகப் போர் சமயத்துல புறாக்களை வெச்சு ஏவுகணையைக் குறி பார்க்க வைக்கலாமான்னு ஆராய்ச்சி பண்ணின மனுஷன். அவர் வேலையில இருந்து வந்த ஐடியா. முழு வேலையை ஒரே தடவையில எதிர்பாக்காம, அதை நோக்கி வைக்கிற ஒவ்வொரு சின்ன அடிக்கும் பரிசு. சரியாப் பண்ணின அந்த நொடியில நாக்கால "ட்ச்"னு ஒரு சத்தம் கொடுப்பேன், அடுத்த நொடி கதிர். எதுக்குப் பரிசுன்னு அதுக்குக் குழப்பம் வராது.

விரல்ல ஏறப் பழகினதும் "ஏறு"ன்னு ஒரு வார்த்தை. விரலை அதோட காலுக்குக் கொஞ்சம் மேல, வயித்துல லேசா வெச்சா தானா ஏறும். லேசான்னா நிஜமாவே லேசா. தள்ளாதீங்க.

என் கணக்குப்படி, ரீசெட்டுக்கு அப்புறம் பத்தொம்பதாவது நாள் கையில இருந்து சாப்பிட்டுச்சு. முப்பத்தி நாலாவது நாள் ரெண்டு காலும் விரல் மேல. அந்த ரெண்டு காலும் எவ்வளவு சூடா இருந்துச்சுன்னு இன்னும் ஞாபகம் இருக்கு. ஸ்டேட்டஸ் எதுவும் வைக்கல.

உங்களுக்குக் கம்மியாவும் ஆகலாம், அதிகமாவும் ஆகலாம். குஞ்சா வாங்கினா சீக்கிரம். நெத்தியில இருந்து மூக்கு வரைக்கும் கறுப்புக் கோடு இருந்தா, கண்ணு முழுக்கக் கறுப்பா வெள்ளை வளையம் இல்லாம இருந்தா, அது குட்டி. மூணு நாலு மாசத்துல முதல் இறகு உதிர்வு வரும்போது அந்த நெத்திக் கோடு போயிடும்.

கரண்ட் வந்த நிமிஷம்

இனிமேல் சொல்லப் போறதுதான் இந்த எபிசோடுக்கே காரணம்.

அக்டோபர்ல பட்டாணிக்கு வெட்டின இறகெல்லாம் திரும்ப முளைச்சுடுச்சு. நல்லாப் பறக்க ஆரம்பிச்சார். ரெண்டு மீட்டர்ல இருந்து "ஏறு"ன்னு கை நீட்டினா பறந்து வந்து உட்காருவார். ஒரு நாள் சாயங்காலம், செம மழை, கரண்ட் போச்சு. எங்க ஹால் ஃபேனுக்கு இன்வர்ட்டர் இணைப்பு கிடையாது. ஃபேன் நிக்குதான்னு மேல பாத்தேன். நின்னுச்சு. கூண்டைத் திறந்து விட்டேன்.

அவர் ஜன்னல் திரைக் கம்பி மேல போய் உட்கார்ந்தார். நான் எதிர்ப்பக்கம் சோஃபாவுல. நடுவுல ஃபேன். அப்பத்தான் கரண்ட் வந்துச்சு. ஸ்விட்ச் ஆன்லயே இருந்திருக்கு.

பட்டாணி ஒல்லியாகி, முன்னாடி சாஞ்சு என்னையே பாத்தார். பறந்து வரப் போறார். பயம் வந்தா என்கிட்ட வரணும்னு மாசக்கணக்கா கத்துக் கொடுத்தது நான்தானே. நேர்கோட்டுல வந்தா ஃபேன் வழியாத்தான் வரணும். என் கை தானா பாதி தூரம் மேல வந்துடுச்சு.

அந்தக் கையைக் கீழ இறக்கினதுதான் நான் இது வரைக்கும் பண்ணினதுலயே கஷ்டமான வேலை. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு, முகத்தை வேற பக்கம் திருப்பிக்கிட்டேன். அப்பா பேப்பர் படிக்கற மாதிரி எதையோ முணுமுணுத்தேன். "பா, ஃபேன்"னு மட்டும் மெதுவா சொன்னேன். அவர் ஸ்விட்சை அணைச்சார். சீலிங் ஃபேன் அணைச்ச உடனே நிக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு நேரம் சுத்தும்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு.

அவர் பறக்கல. எனக்காக நின்னாரா, பயத்துல உறைஞ்சு நின்னாரா, சொல்ல முடியாது. றெக்கை முழுசா நின்னதும் திரைக் கம்பிக்கு நானே நடந்து போய், கீழ இருந்து விரலை நீட்டி, "ஏறு"ன்னேன். ஏறினார்.

"இதுக்குத்தானே றெக்கைய வெட்டணும்"னு சிலர் சொல்லுவீங்க. அந்த வாதம் எனக்குப் புரியுது. ஆனா வெட்டின பறவையும் தாவும், கீழ விழும், அடிபடும், மிதிபடும். ஜூன்ல நானே பாத்தேன். ஸ்விட்ச் என் பொறுப்பு. அதுக்குப் பதிலா அதோட இறகை எடுக்கறது எனக்கு நியாயமாப் படல.

எங்க டீம்ல ஒரு வழக்கம் உண்டு. சர்வர் அமைதியா இருக்குன்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம் இல்ல, செட்டிங்கைப் பாருன்னு சொல்லுவோம். ஆபீஸ்ல தெரிஞ்சது வீட்ல தெரியல. ஃபேன் நிக்குதான்னு பாக்காதீங்க. ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கான்னு பாருங்க. இப்ப எங்க ஹால் ஸ்விட்ச் மேல அம்மா கையெழுத்துல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு: "குருவி வெளியே". கூண்டுக் கதவு திறக்கறதுக்கு முன்னாடி ஸ்விட்ச், ஜன்னல், வாசல் கதவு. இதே வரிசை, தினமும்.

வாங்கறதுக்கு முன்னாடி

வேகமா நாலு விஷயம். பட்ஜி அஞ்சுல இருந்து பத்து வருஷம் வரைக்கும் வாழும். அதாவது உங்க அடுத்த ரெண்டு மூணு வேலை மாற்றத்துலயும் கூடவே வரும். தினமும் ஆபீஸ் போறவங்கன்னா ஒண்ணா வாங்காதீங்க, ஜோடியா வாங்குங்க. ஜோடியாவும் பழக்கலாம், கொஞ்சம் பொறுமை கூட வேணும், அவ்வளவுதான். வெறும் விதை மட்டும் போட்டா கல்லீரல் கெட்டுப் போகும், கேரட், கொத்தமல்லின்னு தினமும் கொடுங்க. அவகாடோ, சாக்லேட் ரெண்டும் விஷம்.

அப்புறம், பேசுமான்னு கேப்பீங்க. கலிஃபோர்னியாவுல பக்னு ஒரு பட்ஜி 1,728 வார்த்தை பேசி கின்னஸ்ல இடம் பிடிச்சுது. ஆண் பறவைதான் அதிகமாப் பேசும். வளர்ந்த ஆணுக்கு அலகுக்கு மேல மூக்குப் பகுதி பெரும்பாலும் நீலமா இருக்கும், பெண்ணுக்குப் பழுப்பு. பட்டாணிக்கு நீலம்.

அவருக்கு இது வரைக்கும் ரெண்டு ஐட்டம் தெரியும். ஒண்ணு, காலைல ஆறரைக்கு அப்பா பேப்பர் படிக்கற அந்த முணுமுணுப்பு. வார்த்தையே இல்ல, வெறும் ராகம். இன்னொண்ணு "ஏறு". நான் விரலை நீட்ட லேட்டானா, கொம்புல நின்னுக்கிட்டு அவர் என்னைப் பாத்துச் சொல்லுவார்.

(பின்னணியில் பறவைச் சத்தம்.)

கேட்டீங்களா? சரி, நான் போகணும். அடுத்த எபிசோட்ல பாக்கலாம். உங்க வீட்ல பறவை இருந்தா, இதைக் கேட்டு முடிச்சதும் முதல் வேலையா எழுந்து ஸ்விட்ச் போர்டைப் பாருங்க.